படம் வருகிறது, ரிமோட் கேட்கவில்லை

டி.வி.யில் படம் வருகிறது, ஒலியும் வருகிறது. ஆனால் டி.வி. ரிமோட்டின் அம்புக்குறியை எத்தனை முறை அழுத்தினாலும் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிய மீடியா பிளேயர் அசைவதில்லை. இந்த ஒரு குறைக்காக நடக்கும் வீண்செலவு வீட்டுக்கு வீடு ஒரே வரிசையில்தான் போகிறது. முதலில் புது பேட்டரி, அடுத்து புது ரிமோட், பிறகு தங்க முலாம் பூசியது என்று சொல்லி விற்கப்படும் கேபிள், கடைசியில் ‘போர்டு போச்சு சார்’ என்று சொல்ல வரும் மெக்கானிக். பெரும்பாலும் கோளாறு இந்த நான்கிலும் இருப்பதில்லை. மெனுவுக்குள் யாரும் பார்க்காமல் அணைந்து கிடக்கும் ஒரு அமைப்பில் இருக்கிறது. ஆகவே, காசை எடுப்பதற்கு முன் அரைமணி நேரம் சோதித்துப் பாருங்கள். சோதித்ததை மொபைலில் படம் பிடித்து வையுங்கள். கோளாறு தீர்ந்தால் செலவு மிச்சம். தீராவிட்டால், அந்தப் படங்கள்தான் நாளை கடைக்காரரிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் பேசும்.

ரிமோட்டை அழுத்தும்போது நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டி.வி. ரிமோட் பிளேயரோடு பேசுவதில்லை, டி.வி.யோடுதான் பேசுகிறது. டி.வி. அந்தக் கட்டளையை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகப் பிளேயருக்குச் சொல்லி அனுப்புகிறது. இந்த ஏற்பாட்டுக்கு சி.இ.சி. என்று பெயர். கேபிளின் 19 முனைகளில் 13ஆவது முனை இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. படமும் ஒலியும் போகும் பாதை வேறு, இது வேறு. அதனால்தான் படம் பளிச்சென்று வரும்போதே கட்டளை மட்டும் செத்துக் கிடக்க முடிகிறது. ரிமோட்டில் ஒலி அளவு கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். கூடிக் குறைந்தால் ரிமோட்டும் பேட்டரியும் நலமாக இருக்கின்றன. புது ரிமோட் வாங்குவது பணத்தைக் குப்பையில் போடுவதுதான்.

இனி மெனுவுக்குப் போனால், அங்கே சி.இ.சி. என்ற பெயரே கண்ணில் படாமல் போகலாம். குழப்பத்தின் வேர் இதுதான், பழி தயாரிப்பாளர்களுடையது. எல்லாருக்கும் பொதுவான ஒரு வசதிக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். சாம்சங்கில் அது எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானசோனிக்கில் வியேரா லிங்க், பிலிப்ஸில் ஈஸிலிங்க். தங்கள் கம்பெனியின் தனிச் சொத்து போலத் தோன்ற வேண்டும் என்ற விளம்பர ஆசைக்காக, வாங்கியவரைத் திசை தெரியாமல் நிற்க வைத்தார்கள். இந்த அமைப்பு டி.வி.யில் மட்டும் இயங்கினால் போதாது, பிளேயரிலும் இயங்க வேண்டும். ஃபயர் டி.வி. போன்ற கருவியில் டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ் பகுதிக்குள் எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. என்ற வரியைப் பாருங்கள். ‘கோடி’ (Kodi) என்ற மென்பொருளில் இன்புட் பகுதிக்குள் பெரிஃபரல்ஸ் என்ற பட்டியலில் சி.இ.சி. அடாப்டர் இருக்கும். இரண்டு பக்கமும் இயக்கிவிட்டு, இரண்டு மெனுவையும் படம் பிடித்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் பார்த்தாச்சு’ என்று சொல்பவர்களே அதிகம்.

இயக்கிய பிறகும் கேட்கவில்லையா? டி.வி., பிளேயர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, சில நிமிடம் கழித்துச் செருகுங்கள். ரிமோட்டால் அணைப்பது அணைப்பதாகாது. அந்த நிலையிலும் சி.இ.சி. பகுதி விழித்தே இருக்கும், குழம்பிப்போன நினைவும் அப்படியே இருக்கும். கருவி செருகப்பட்டவுடன், தான் எந்தத் துளையில் இருக்கிறது என்ற முகவரியை டி.வி.யிடமிருந்து படித்துக்கொள்கிறது. இடையில் ஸ்விட்சோ ஸ்ப்ளிட்டரோ சவுண்ட்பாரோ இருந்தால் அந்த முகவரி பிசகக்கூடும். எனவே மற்ற கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிளேயரை மட்டும் டி.வி.யில் நேராகச் செருகிப் பாருங்கள். கூட்டம் கூடினாலும் கெடும்: வழக்கமான சி.இ.சி. அமைப்பில் பிளேயர் வகைக்கு மூன்று முகவரிகளே உண்டு, நான்காவதாக வரும் பிளேயருக்கு இடமில்லை. தனியாகச் செருகியதும் வேலை செய்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். அப்புறம் வேறு துளை, வேறு கேபிள், இரண்டு கருவியிலும் மென்பொருள் அப்டேட். ஃபேக்டரி ரீசெட் எல்லாவற்றுக்கும் கடைசி. அது கணக்குகளையும் கடவுச்சொற்களையும் துடைத்துவிடும் என்பதை மறந்து, பலர் முதலிலேயே அதில் கை வைக்கிறார்கள்.

விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் சரியாகுமே என்பார்கள். சி.இ.சி. கட்டளை நொடிக்கு ஏறத்தாழ 400 பிட் வேகத்தில் நகர்கிறது. அதே கேபிளில் படம் போவதற்கு எச்.டி.எம்.ஐ. 2.0 தரத்தில் நொடிக்கு 1,800 கோடி பிட் வரை இடமுண்டு. வெள்ளமே தடையின்றி ஓடும் வாய்க்காலில் ஒரு சொட்டு மட்டும் சிக்குகிறது என்றால், வாய்க்காலுக்குத் தங்க முலாம் பூசி என்ன பயன்? கேபிளில் குற்றம் இருந்தால் அது அந்த ஒரு கம்பி அறுந்ததாகத்தான் இருக்கும்; அதற்குச் சாதாரண விலையில் இன்னொரு கேபிள் போதும். டி.வி.ஐ. அடாப்டர் இடையில் இருந்தால் இந்தக் கம்பி அங்கேயே முடிந்துவிடும். கம்ப்யூட்டரைச் செருகியவர்களுக்கும் ஒரு சொல்: பெரும்பாலான கிராபிக்ஸ் கார்டுகளில் சி.இ.சி. வசதியே இல்லை. அங்கே எந்த மெனுவைத் தேடியும் பலனில்லை.

‘டி.வி. தானாக எழுந்துகொள்கிறது, தொல்லை’ என்று சிலர் சி.இ.சி.யை மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். மறுநாள் சவுண்ட்பாரில் சத்தம் இல்லை என்று புகார். டி.வி.யின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே சவுண்ட்பாருக்கு அனுப்பும் ஏ.ஆர்.சி. வழியாக ஒலி போகும் வீடுகளில் பெரும்பாலும் சி.இ.சி. இயங்கினால்தான் அந்த இணைப்பும் இயங்கும். தானாக இயங்கும் ஆப்ஷனை மட்டும் தனியே அணைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதுவரை சொன்னதில் போகக்கூடியது சில நூறு ரூபாய். இப்போது சொல்வதில் வங்கிக் கணக்கே போகும். கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை இணையத் தேடலில் எடுக்காதீர்கள். தேடலில் மேலே வந்து நிற்கும் எண் மோசடிக்காரருடையதாக இருக்கலாம். டி.வி.யைச் சரிசெய்ய உங்கள் மொபைலின் திரையைப் பகிரும் செயலி யாருக்கும் தேவையில்லை, ஓ.டி.பி.யும் தேவையில்லை, ‘பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்’ என்று வரும் லிங்க்கும் தேவையில்லை. எண்ணை வாரன்டி அட்டையிலோ பெட்டியிலோ பார்த்து எடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: எண்ணைத் தேடலில் எடுக்காதீர்கள்.

சோதனை எல்லாம் முடிந்தும் ரிமோட் கேட்கவில்லை என்றால், அப்போதுதான் உரிமையின் பேச்சு. எச்.டி.எம்.ஐ. என்று போட்டிருக்கிறதே, எல்லாம் வேலை செய்ய வேண்டாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சி.இ.சி. இயக்கம் அந்தத் தரத்தில் கட்டாயமில்லை, தயாரிப்பாளர் விருப்பம். எனவே பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ சி.இ.சி. என்றோ, டி.வி. ரிமோட்டால் இயக்கலாம் என்றோ எழுதியிருக்கிறதா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. எழுதியிருந்து செய்யவில்லை என்றால் அது பொருளின் குறை. எழுதவே இல்லை என்றால் உங்கள் பக்கம் பலவீனம். வாங்கும் நாளிலேயே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்த வரி பின்னால் காணாமல் போகக்கூடும். வாரன்டி இருக்கும்வரை உள்ளூர் மெக்கானிக்கைத் திருகாணியில் கை வைக்க விடாதீர்கள். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருப்பதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தர மறுப்பதும் அப்படித்தான்.

தொலைபேசிப் புகாரோடு நிற்காதீர்கள். மாடல் எண், சீரியல் எண், வாங்கிய தேதி, செய்து பார்த்த சோதனைகள், பில் நகல், படங்கள் எல்லாம் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது கம்பெனிக்கு எடுத்துச் சொல்லும், உத்தரவு போடாது. அந்தப் புகார் எண்ணை வாங்கிக்கொண்டு அங்கேயே காத்திருந்து காலத்தைக் கழிக்காதீர்கள். 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் ஒன்றை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நாலாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்கலாம். அந்தச் சலிப்பை நம்பித்தானே சர்வீஸ் சென்டர்கள் மெத்தனமாக இருக்கின்றன! மூன்று மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்லும் கெடு நடைமுறையில் இழுபடும் என்பதும் உண்மை. சோதனைக்கு அனுப்பினால் கட்டணத்தை மனுதாரரே கட்ட நேரலாம். அதனால்தான் படமும் தாளும் கையில் வேண்டும் என்று இத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தாள்களில் முக்கியமானது சர்வீஸ் ஆள் எழுதும் ஜாப் ஷீட். ‘பார்த்தேன், சரியில்லை’ என்றோ ‘இந்த மாடலில் இந்த வசதி கிடையாது’ என்றோ அவர் வாயால் சொல்வதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடியும் முன்பே, உங்கள் மொபைலுக்கு வந்த முடிப்பு எண்ணைக் கேட்பார். கொடுத்த நொடியில் கம்பெனியின் கணக்கில் உங்கள் புகார் தீர்க்கப்பட்டதாகப் பதிவாகிவிடும். டி.வி. ரிமோட்டை நீங்களே கையில் எடுத்து, பிளேயரின் மெனு மேலும் கீழும் நகர்வதைப் பார்த்த பிறகு அந்த எண்ணைச் சொல்லுங்கள்.