கைநாட்டு வாங்கினால் சம்மதமா?

ஆய்வு மாணவர் ஒருவர் ஊருக்குள் வருகிறார், கையில் ஒரு கட்டுப் படிவம். "இதுல ஒரு கைநாட்டு வைங்க பாட்டி" என்கிறார். ரேஷனுக்கு, முதியோர் பென்ஷனுக்கு என்று எத்தனையோ தாள்களில் வைத்துப் பழகிய கை. எதற்கு என்று பாட்டி கேட்கவில்லை. மாணவரும் சொல்லவில்லை. 'சம்மதம் பெறப்பட்டது' என்று ஆய்வேட்டில் ஏறிவிடுகிறது.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் 2009-இல் கம்மம் மாவட்டத்தில் (அப்போது ஆந்திரம்) 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆய்வுக்காகப் போட்டார்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோர் ஒப்பமிட வேண்டிய இடத்தில், ஏராளமான படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது; 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகச் சாடியது. இத்தனைக்கும் அந்த ஊசி நல்ல ஊசிதான், இன்று பல நாடுகளில் போடுகிறார்கள். கேட்காமல் போட்டதுதான் பிழை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சம்மதம் எப்படிப் பெற வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஆய்வு எதற்கு, எவ்வளவு நேரமாகும், என்ன இடைஞ்சல் வரலாம் என்பதைப் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் கிடைக்கிற சிகிச்சை குறையாது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். சிறுவர்களிடம் பெற்றோரின் அனுமதியோடு அவர்களுடைய இசைவையும் கேட்க வேண்டும். புரிந்ததா என்று சோதிக்க எளிய வழி உண்டு: "நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்க பாட்டி." பாட்டி "ஊசி போடுவீங்க, பணம் தருவீங்க" என்றால், பேனாவை மூடிவிட்டு முதலிலிருந்து சொல்லவேண்டியதுதான்.

நான் புரட்டிய ஓர் ஆய்வேட்டில் ஒப்புதல் படிவத்தின் அடியில் வேறொரு கல்லூரியின் பெயர் அப்படியே இருந்தது. படிவத்தையே திருடியிருக்கிறார் அந்த மாணவர்! பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி மறுபடி தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பலர் இதை '10 வரை எடுக்கலாம்' என்று படிக்கிறார்கள். ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருள் ஒத்த சொற்களைத்தான் எண்ணும். சொல்லை மாற்றிக் கருத்தை எடுத்தாலும், எடுத்த இடத்தைக் குறிப்பிடாவிட்டால் அது திருட்டுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நூலிலிருந்து எடுத்தால் ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும். பாட்டியிடமிருந்து எடுத்தால், அவரே போடச் சொன்னாலொழிய, பெயரை மறைக்க வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊரில் ஒரே ஒரு மருத்துவச்சிதான் என்றால், ஊர்ப் பெயரையும் மாற்ற வேண்டும்.