ஜோட்டுக்கு மேல் ஒரு ஜோடு!

மழை நாளில் மேல்நாட்டார் தோல் பூட்சுக்கு மேலே இன்னொரு ரப்பர் ஜோடு மாட்டிக்கொள்வது உண்டு. பூட்ஸ் நனையாமல் இருக்கத்தான்! வீட்டு வாசலில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, உலர்ந்த பூட்சோடு உள்ளே போவார்கள். அதன் பெயர் 'கலோஷ்'.

அது என்ன பெயர்?

இன்றைய பிரான்ஸ் இருக்கும் பகுதிக்கு அந்தக் காலத்துப் பெயர் 'கால்'. (நம் கால் அல்ல!) அந்த நாட்டு ஜனங்களின் செருப்பை ரோமாபுரியார் 'கல்லிகா' என்றார்கள். அதுவே மருவி 'கலோஷ்' ஆயிற்று என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் கருத்து. ரோமாபுரியில் அந்தச் செருப்புக்கு மதிப்பு கிடையாது. தளபதி மார்க் அந்தோணி அதைப் போட்டுக்கொண்டதை, பேச்சாளர் சிசரோ பரிகாசம் செய்து எழுதினார்.

முதலில் கலோஷுக்கு மரக்கட்டைதான் அடிப்பாகம். ரப்பர் வந்தது 19-ம் நூற்றாண்டில். பிரேசிலில் இருந்து கப்பலில் வந்த ரப்பர் ஜோடு வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை தீரும் என்று கண்டுபிடித்தார்.

கந்தகம் தாயில்பட்டிக்குப் புதிதல்ல!

விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டைப் பக்கத்தில் உள்ள ஊர் இது. மழை குறைவு. பட்டாசுதான் பலருக்குப் பிழைப்பு. காலில் போடும் ஜோட்டால் இங்கே வரும் ஆபத்து வேறு. பூட்சின் அடியில் உள்ள இரும்பு ஆணி தரையில் உரசினால் பொறி பறக்கும். காலோடு வரும் மணல் மருந்தில் விழுந்து உராய்ந்தாலும் ஆபத்துதான். ஒரு பொறி போதும். அறையில் இருப்பவர்கள் பிழைப்பது அரிது.

அதனால், மருந்து அறைக்குள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு போவது வழக்கம். வெடிமருந்துக் கிடங்குகளில் ஆணி இல்லாத தனி ஜோடு போடுவதும், பூட்சை மூடி மேல்ஜோடு மாட்டுவதும் உண்டு. பூட்சைத் தண்ணீரிடமிருந்து காப்பதற்கு அல்ல, அறையைப் பூட்சிடமிருந்து காப்பதற்கு!

அப்படியானால் மழைக்குப் போடும் கலோஷையே மாட்டிக்கொண்டு போகலாமா?

கூடாது! சாதாரண ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. நைலான் சேலை உடம்பில் உரசும்போது கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் சேரும். வெறுங்காலாக இருந்தால் பெரும்பாலும் தரையில் இறங்கிவிடும். ரப்பர் அதை இறங்கவிடாது. அப்புறம் ஏதாவது உலோகப் பாத்திரத்தைத் தொட்டால் சட்டென்று பொறி! இதற்கென்றே கரித்தூள் கலந்த, மின்சாரம் கடத்தும் ரப்பரில் தனி ஜோடு செய்கிறார்கள். பட்டாசு வேலைக்குப் பருத்திச் சேலை கட்டி வரச் சொல்வதும் இதனால்தான்.