கோமாளி மீனும் கரையாத முதலும்

வலங்கைமான் என்றதும் வெளியூர் அன்பர்களுக்குப் பாடைக்காவடியும் பட்டாசுக் கடைகளும் நினைவுக்கு வரும். குடமுருட்டிக் கரையில் நெல் விளையும் ஊரில் கடல் மீனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கல்லாப் பெட்டியருகே கண்ணாடித் தொட்டி வைக்கும் வழக்கம் வணிகர்களிடையே பரவிவருவதால்தான் இதை எழுத முன்வந்தோம்.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைப் பலரும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதன் வீடு, கடற்சாமந்தி என்னும் கொட்டும் உயிரினம். மற்ற மீன்கள் அதை அண்டினால் விஷம் தீண்டும். கோமாளி மீனை மட்டும் அதன் உடல்மேல் உள்ள வழவழப்புக் காக்கிறது. பிறக்கும்போது எல்லாமே ஆண்தான்! கூட்டத்தில் மூத்ததே பெண்ணாகிறது. அது இறந்தால் அதன் ஜோடியான ஆண் பெண்ணாக மாறி இடத்தை நிரப்பும். முட்டைகளுக்கு ஒரு வாரம் ஆண் மீன் காவலிருக்கும். எனவே ஜோடியைப் பிடித்துவிட்டால் அந்த வீட்டில் வம்சவிருத்தி நின்றுபோகும்.

நமக்கு அருகில் இத்தகைய பவளத் தோட்டம் மன்னார் வளைகுடாவில் உள்ளது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வண்டி வண்டியாக வெட்டினார்கள். அரண் போனதும் அலை கரையை அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2010-லும் 2016-லும் கடல் சூடேறியதால் பவளங்கள் வெளுத்து, பல மடிந்தன.

இதற்கு மாற்று வழி உண்டு. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்டுள்ளனர். இவ்வாறு வளர்ந்த மீன், தொட்டி நீருக்கும் போடும் தீனிக்கும் பழகியது. கடலில் பிடித்ததைவிட எளிதில் தங்கும்.

ஆகவே வணிகப் பெருமக்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். வாங்குமுன், "பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேளுங்கள். தொட்டி அழகுக்காகப் பவளக் கல்லை வாங்கவோ விற்கவோ வேண்டாம். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. தெரியாமல் விற்றேன் என்றால் சட்டம் கேட்காது.

வட்டியில் வாழ்பவன் முதலைத் தொடமாட்டான். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் வழக்கமும் நம் காவிரிச் சீமையில் இல்லை. பவளப் பாறை முதல், மீன் வட்டி. இந்தக் கணக்கை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?