குழப்படி என்று நாம் பெயரிட்ட பிள்ளை



ஞாயிறு திருப்பலி வேளையில் எந்தப் பங்கிலும் ஆலயத்தின் பின்வாசலுக்கு வெளியே ஓரிரு தாய்மார் நிற்பதைக் காணலாம். மறையுரையின் நடுவிலேயே எழுந்து ஓடிய பிள்ளையின் கையைப் பிடித்தபடி, உள்ளே இருப்போரின் பார்வைக்கு அஞ்சி, மரநிழலில் நின்றே அவர்கள் திருப்பலியை நிறைவு செய்கின்றார்கள். 'குழப்படிக்காரன்', 'சொல்வழி கேளாதவன்', 'வளர்ப்புச் சரியில்லை' என்னும் சொற்கள் அவர்களுக்குப் பழகிப்போனவை. ஓடியாடும் பிள்ளைகள் எல்லோரும் இடர்பாடுடையோர் அல்லர். ஓடியாடுவது குழந்தைப் பருவத்தின் இயல்பு. ஆயினும் அவர்களுள் ஒரு சிலர், தாமே விரும்பினாலும் அமைதியாக இருக்க இயலாதவர்கள். அத்தகைய பிள்ளைகளைப் பற்றியும் அவர்களை வளர்க்கும் உங்களைப் பற்றியும் இவ்வாரம் சிந்திப்போம்.

இந்நிலை யாது?

மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என அழைக்கும் இந்நிலையை அவதானக்குறைவும் மிகைச்செயற்பாடும் சேர்ந்த நிலை எனத் தமிழில் கூறலாம். இது இக்காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. 1902ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் ஸ்டில் என்னும் குழந்தைநல மருத்துவர், அறிவாற்றலில் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி இலண்டனில் விரிவுரைகள் ஆற்றினார். கவனத்தை ஒன்றில் நிலைநிறுத்த இயலாமை, ஓரிடத்தில் அமர்ந்திருக்க இயலாமை, எண்ணிப் பாராது உடனே செயற்படுதல் ஆகிய மூன்றுமே இதன் முக்கிய அடையாளங்கள். இவை 12 வயதுக்கு முன்னரே தென்பட வேண்டும்; ஆறு மாதங்களேனும் நீடித்திருக்க வேண்டும்; வீட்டில் மட்டுமன்றிப் பாடசாலை போன்ற பிறிதோர் இடத்திலும் காணப்பட வேண்டும். இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே மருத்துவர் முடிவு கூறுவார். ஆகவே, அயலவரோ உறவினரோ நாமோ ஒரு பிள்ளைக்கு இப்பெயரைச் சூட்டிவிடலாகாது.

உலக அளவில் நூறு பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐவர் இந்நிலையில் உள்ளனர் என்று கணிக்கப்படுகின்றது. அவ்வாறாயின், நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பறையில் இருவர் இருக்கக்கூடும். ஓடிக் குதிக்கும் ஆண்பிள்ளையை எல்லோரும் கண்டுகொள்கின்றார்கள். ஆனால் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தன்னுள்ளே தொலைந்துபோய் அமர்ந்திருக்கும் பெண்பிள்ளை எவர் கண்ணிலும் படுவதில்லை. அவள் எவரையும் தொந்தரவு செய்யாததால் 'மந்தமானவள்' என்ற பெயருடனேயே ஆண்டுகளைக் கடந்துவிடுகின்றாள்.

எழுத்துக்களோடு போராடும் பிள்ளை

இந்நிலையோடு சேர்ந்தும் சேராமலும் காணப்படுவது வாசிப்பு இடர்பாடு. 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்னும் மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கூர்மதியும் கணிதத்தில் திறமையும் கொண்டிருந்த அச்சிறுவனால் எளிய சொற்களையும் வாசிக்க முடியவில்லை. பாடங்கள் அனைத்தும் வாய்மொழியாகவே நடத்தப்பட்டால் அவனே பாடசாலையின் மிகச் சிறந்த மாணவனாக இருப்பான் என அவனுடைய ஆசிரியர் கருதினார்.

நம் தமிழ் எழுத்துக்களையே எண்ணிப் பாருங்கள். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கின்றது. ஒலிக்கும்போதோ அதன் ஓசை பின்னே வருகின்றது. 'கொ' என்னும் எழுத்தில் குறிகள் இருபுறமும் நின்று நடுவிலுள்ள எழுத்தை அணைக்கின்றன. நமக்கு இயல்பாகிப்போன இந்த ஒழுங்கு, வாசிப்பு இடர்பாடுடைய பிள்ளைக்கு நாள்தோறும் ஏறவேண்டிய மலை. கொப்பியிலுள்ள சிவப்புக் கோடுகளை அவனது சோம்பலின் கணக்காகக் கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவை அவன் பட்ட பாட்டின் கணக்கு. எனினும் முதலில் பிள்ளையின் பார்வையையும் செவிப்புலனையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். கரும்பலகை தெளிவாகத் தெரியாததாலேயே பின்தங்கும் பிள்ளைகளும் உண்டு.

யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, இவர் பாவம் செய்தாரா, இவருடைய பெற்றோர் பாவம் செய்தனரா எனச் சீடர்கள் இயேசுவிடம் வினவினர். இருவருமல்லர் என்பதே ஆண்டவரின் மறுமொழியாயிருந்தது (யோவான் 9). இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் நம்மிடையே அதே வினா எழுகின்றது. தாயின் செல்லம் என்கிறார் ஒருவர். நாவூறு என்கிறார் இன்னொருவர். குடும்பத்துச் சாபம் என்று முணுமுணுக்கின்றார் வேறொருவர். இனிப்பு உண்பதே காரணம் எனக் கூறுவோரும் உளர். ஆய்வுகள் அதனையும் உறுதிப்படுத்தவில்லை. இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய நிலை. பெருமளவு பரம்பரை வழியாக வருவது. தாயின் வளர்ப்பு முறை இதனை உண்டாக்குவதில்லை. ஆகவே அன்புத் தாய்மாரே, நீங்கள் செய்யாத குற்றத்துக்காக இனியும் உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

பரம்பரை வழியாக வருவது என்பதில் தந்தையர் சிந்திக்கவேண்டிய ஒன்றும் உண்டு. 'நானும் சிறுவயதில் இப்படித்தான் இருந்தேன். அடி வாங்கித்தான் திருந்தினேன்' எனக் கூறும் தந்தையர் பலர். உங்கள் மகன் உங்களையே ஒத்திருக்கக்கூடும். அப்படியானால், அன்று அடியின் வேதனையோடு 'என்னால் ஏன் முடியவில்லை?' என்று உள்ளத்துக்குள் அழுத சிறுவனை மறந்துவிடாதீர்கள். அச்சிறுவனுக்கு அன்று கிடைக்காத பொறுமையை இன்று உங்கள் மகனுக்குக் கொடுக்க உங்களால் இயலும்.

அடிப்பதனால் பயம் வரும், கவனம் வராது. நமது நாட்டின் கல்வியமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே பாடசாலைகளில் உடற்தண்டனையைத் தடைசெய்யும் சுற்றறிக்கையை வெளியிட்டது. அதற்கும் நெடுங்காலம் முன்னரே, வீதிகளில் அலைந்த துடுக்கான சிறுவர்களைத் தூரின் நகரில் ஒன்றுசேர்த்த புனித ஜோன் பொஸ்கோ, 1877இல் தமது கல்விமுறையை எழுத்தில் வடித்தபோது அறிவு, இறைபக்தி, அன்பு ஆகிய மூன்றையே அதன் அடித்தளமாக வைத்தார். அடி அதில் இடம்பெறவில்லை. ஓடவும் குதிக்கவும் ஆரவாரம் செய்யவும் சிறுவர்களுக்குத் தாராளமாக இடமளிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவதாக, பிள்ளையின் அருகே சென்று, அவன் முகத்தைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூறுங்கள். 'பையை வைத்து, கை கழுவி, சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்கார்' என்று குசினியிலிருந்து கூப்பிட்டுச் சொல்லும் நான்கு கட்டளைகளுள் முதலாவது மட்டுமே அவன் நினைவில் நிற்கும். இரண்டாவதாக, எழும் நேரம், உண்ணும் நேரம், படிக்கும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே ஒழுங்கில் வைத்து, அதனைப் படமாகவோ எழுத்தாகவோ சுவரில் ஒட்டுங்கள். மூன்றாவதாக, பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் படித்தபின் சற்று ஓடியாட விடுங்கள். நான்காவதாக, நல்லதொன்றைச் செய்தால் அக்கணமே பாராட்டுங்கள். மாத இறுதியில் கிடைக்கும் பரிசு இப்பிள்ளைக்கு மிகத் தொலைவில் உள்ளது. இப்போது கிடைக்கும் ஒரு புன்னகையோ கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதற்சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. வளர்ந்த பிள்ளைகள் சிலருக்கு மருத்துவர் மெதைல்ஃபெனிடேட் போன்ற மருந்தைக் கொடுக்கலாம். பசி குறைதல், உறக்கம் குறைதல் போன்ற விளைவுகள் தோன்றக்கூடும் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. உளநல மருத்துவரிடம் செல்வதை இழிவாக எண்ணவேண்டாம். கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றியே ஆலோசனை பெறலாம். மடு அன்னையிடம் நேர்த்தி வைப்பதும் மருத்துவரை நாடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. மருத்துவரின் அறிவும் இறைவன் தந்த கொடையே.

குடும்பச் செபமாலை முழுவதற்கும் அவனை முழந்தாளிடச் செய்து இறைவேண்டலைத் தண்டனையாக்கிவிடாதீர்கள். ஒரு பத்து மணிகளை அவனே வழிநடத்தட்டும். திரியை ஏற்றும் பொறுப்பும் அவனுடையதாகட்டும். மறைக்கல்வி ஆசிரியர்களும் கவனத்திற் கொள்க: 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, உடல், உள்ள இடர்பாடுடையோருக்கும் அவரவர் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்யும் கடமையைப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்துள்ளது (777). செபங்களை மனனம் செய்து ஒப்புவிக்க இயலாத காரணத்தால் எந்தப் பிள்ளையும் முதல் நற்கருணையின் வரிசையிலிருந்து வெட்கத்தோடு விலகிச் செல்லக்கூடாது.

புலமைப்பரிசிலுக்கு அப்பால்

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது நம் வீடுகளில் அமைதி குலைந்துவிடுகின்றது. வெட்டுப்புள்ளியை எட்டாத பத்து வயதுப் பிள்ளை, தன் வாழ்வே முடிந்துவிட்டதாக எண்ணுகின்றது. புனித ஜோன் மரிய வியான்னியை நினைவுகூருங்கள். இலத்தீன் மொழியோடு பெரிதும் போராடி, குருமாணவர் தேர்வில் தோல்வியுற்று, 1815இல் ஒருவாறு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் அவர். பின்னர் ஆர்ஸ் என்னும் சிற்றூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஆற்றிய பணி, பிரான்சின் பல பகுதிகளிலிருந்தும் மக்களை ஈர்த்தது. இன்று பங்குத்தந்தையர்க்கெல்லாம் அவரே பாதுகாவலர். அவருக்கு மருத்துவப் பெயர் எதனையும் சூட்டுவது நமது நோக்கமன்று. தேர்வுத்தாள் காட்டாத கொடைகளும் மனிதரிடம் உண்டு என்பதையே அவரது வாழ்வு உணர்த்துகின்றது.

இறுதியாக, நாசரேத்துக் குடும்பத்தை நோக்குவோம். பன்னிரண்டு வயது மகனை மூன்று நாட்கள் தேடி அலைந்தனர் மரியாவும் யோசேப்பும். கண்டுபிடித்த பின்னரும் அவர் கூறியதை அவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்று லூக்கா மறைக்காது எழுதுகின்றார் (லூக்கா 2). புரியாத நிலையிலும் மகனை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள், தாய் யாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார், மகனும் வளர்ந்தார். உங்கள் பிள்ளையை நீங்கள் முழுமையாகப் புரிந்துகொள்ளும் நாள் வரையில் அன்பு காத்திருக்க வேண்டியதில்லை.

வருகின்ற ஞாயிறு, பின்வாசலில் நிற்கும் அந்தத் தாய்க்கு உங்கள் வாங்கில் சற்று நகர்ந்து இடமளியுங்கள். பிள்ளை எழுந்து ஓடினால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சிறுவரைத் தடுத்தவர்களைக் கடிந்துகொண்ட ஆண்டவரின் இல்லம் அது. அங்கே அவனுக்கும் உரிமை உண்டு.