பூஜ்யம் காட்டும் மீட்டரை எப்போது நம்பலாம்?

“பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பினால் பைக் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. பேட்டரியை மாற்றினேன், சில மாதங்களில் மறுபடியும் அதே பாடு. மெக்கானிக் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கும் கரண்ட் லீக் ஆகவில்லை, மீட்டர் பூஜ்யம்தான் காட்டுகிறது என்கிறார். அப்படியானால் பேட்டரிதான் மட்டமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பேட்டரியைக் குறை சொல்லும் முன் அந்தப் பூஜ்யத்தை விசாரிக்க வேண்டும். மீட்டரின் திருகு எந்த ரேஞ்சில் நின்றபோது வந்த பூஜ்யம் அது? இதைக் கேட்காமல் அந்த எண்ணை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. பேட்டரிக் கடைகளில் கழித்துப் போடப்படும் பேட்டரிகளில் எத்தனையோ, இந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால் அங்கே வந்து சேர்ந்தவையாக இருக்கலாம்.

கார்புரேட்டரும் கிக்கரும் இருந்த காலத்தில் சாவியை எடுத்துவிட்டால் வண்டி மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு இரும்புத் துண்டு. பேட்டரி செத்தாலும் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் கிளம்பிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் எரிபொருளைப் பீய்ச்சுவது கம்ப்யூட்டரும் பம்பும்தான். பலவற்றில் கிக்கரே கிடையாது. நிறுத்தி வைத்த வண்டியிலும் டிஜிட்டல் கடிகாரம் ஓடுகிறது, கம்ப்யூட்டரின் நினைவகம் விழித்திருக்கிறது, வாங்கிய பின் மாட்டிய அலாரமோ ஜிபிஎஸ் கருவியோ காத்திருக்கிறது. ஆகவே லீக் இருக்கிறதா என்று கேட்பதில் பொருளில்லை. இருக்கத்தான் செய்யும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதை அளக்கும் முறை எளியது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலிருந்து கேபிளைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவைத் தொடக் கூடாது: அதைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் சட்டத்தில் பட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட். நெகட்டிவ் பக்கம் ஏற்கெனவே சட்டத்தோடு இணைந்திருப்பதால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கழற்றிய கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரைத் தொடராக வைத்தால், வண்டி எடுக்கும் மின்சாரம் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். இங்கே வரைக்கும் எல்லா மெக்கானிக்கும் சரியாகச் செய்துவிடுகிறார்கள்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் அழகு. மல்டிமீட்டருக்குக் கரண்டை அளக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மின்னழுத்தம் ஒன்றுதான். மலிவு விலையில் எங்கும் கிடைக்கும் டிடி-830 வகை மீட்டர்கள் பெரும்பாலும் 7106 என்ற சிப்பையோ அதன் நகலையோ வைத்து இயங்குகின்றன. அந்தச் சிப்பின் பார்வை 199.9 மில்லி வோல்ட் வரைதான். அது பிரித்தறியும் மிகச் சிறிய படி 0.1 மில்லி வோல்ட். கரண்டை அளக்க வேண்டுமானால், தெரிந்த மின்தடை கொண்ட ஒரு சிறு கம்பியின் வழியே அதை ஓடவிட்டு, கம்பியின் இரு முனைகளுக்கிடையே எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று பார்க்க வேண்டும். ஷன்ட் என்பது இந்தக் கம்பிதான். 10 ஆம்பியர் ரேஞ்சில் அதன் தடை ஏறத்தாழ 0.01 ஓம், 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் 1 ஓம். இனி ஓம் விதியைப் போட்டுப் பார்க்கலாம். 0.1 மில்லி வோல்ட் எழுவதற்கு 1 ஓம் கம்பியில் 0.1 மில்லி ஆம்பியர் ஓடினால் போதும். 0.01 ஓம் கம்பியிலோ 10 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். பைக்கில் 8 மில்லி ஆம்பியர் லீக் இருந்தால், 10 ஆம்பியர் ரேஞ்சில் கடைசி இலக்கம் 0-க்கும் 1-க்கும் நடுவே தத்தளிக்கும், அல்லது 0.00 என்று அசையாமல் நிற்கும். பார்ப்பவர் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வார். திருகை 200 மில்லி ஆம்பியருக்கு மாற்றி, சிவப்பு ஒயரையும் அதற்குரிய துளைக்கு மாற்றினால் அதே மீட்டர் அதே பைக்கில் 8.0 என்று தெளிவாகக் காட்டும்.

ஸ்ரீரங்கத்தில் கூட்டத்தைத் தலை எண்ணாமல், வாசலுக்கு முன்னால் எழும் நெரிசலை வைத்தே மதிப்பிட வேண்டிய ஒரு காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் ரேஞ்ச் என்பது ராஜகோபுர வாசல். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வந்தால்தான் அங்கே நெரிசல் எழும். சாதாரண நாளில் எட்டுப் பேர் நுழைந்தால் காவலாளிக்கு ஒன்றுமே தெரியாது, யாரும் வரவில்லை என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய்யல்ல, நிற்கும் இடம் அப்படி. மில்லி ஆம்பியர் ரேஞ்ச் ஒற்றை ஆள் நுழையும் மூங்கில் தடுப்பு. எட்டுப் பேர் வந்தாலும் ஒருவர் முதுகை ஒருவர் இடிப்பது தெரியும். ஆனால் ஏகாதசிக் கூட்டத்தை அந்தத் தடுப்பில் விட்டால் மூங்கில் முறிந்துவிடும்: அப்படி முறிவதற்கென்றே வைத்த மூங்கில்தான் ஃபியூஸ். தடுப்பு இருப்பதாலேயே வரிசை சற்றுத் தாமதப்படுவது போல, மீட்டரும் பேட்டரியின் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. 8 மில்லி ஆம்பியருக்கு 1 ஓம் கம்பியில் அது 8 மில்லி வோல்ட், 12 வோல்ட் பேட்டரிக்கு அது பொருட்டில்லை. காவலாளி எந்த வாசலில் நின்றார் என்று தெரியாமல் அவர் சொன்ன கணக்கைக் கோயில் அலுவலகம் பதிவேட்டில் ஏற்றாது அல்லவா?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈய-அமில பேட்டரியை 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளாந்தே செய்தார். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் ‘ஏவோ மீட்டர்’ 1923-ல் விற்பனைக்கு வந்தது. அதை வடிவமைத்த டொனால்ட் மெக்காடி பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர். அதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது, எட்வர்ட் வெஸ்டன் உருவாக்கிய மாங்கனின் என்ற உலோகக் கலவை. செம்பும் மாங்கனீசும் சிறிது நிக்கலும் சேர்ந்த அதன் மின்தடை, சூடானாலும் ஏறக்குறைய மாறுவதில்லை. நல்ல மீட்டர்களின் ஷன்ட் இன்றும் இதுதான்.

8 மில்லி ஆம்பியர் அற்பமாகத் தோன்றலாம். 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது 625 மணி நேரத்தில், அதாவது 26 நாளில், மொத்தத்தையும் காலி செய்யும். பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரி செல்ஃப் மோட்டாரைச் சுற்றத் திணறும் என்பதால், 13 நாள் போதும். பேட்டரி முன்பே தேய்ந்திருந்தால் பத்து நாள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணக்கு: வண்டியிலிருந்து கழற்றி வைத்த நல்ல பேட்டரியே தனக்குள் மாதம் ஏறத்தாழ 3 சதவீதம் இழக்கும். 5 ஆம்பியர்-மணிக்கு அது 0.2 மில்லி ஆம்பியர் லீக்குக்குச் சமம். நம் ஊர் வெயிலில் இதைவிடக் கூடும். ஆகவே அரை மில்லி ஆம்பியருக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் கடிகாரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இயல்பு. ஆனால் இயல்பானதும் கொல்லும்: 1 மில்லி ஆம்பியரே 30 நாளில் 14 சதவீதத்தை எடுத்துவிடும். மூன்று மாதம் வண்டியைத் தொட மாட்டோம் என்றால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைப்பதே முறை.

இத்தனை எதற்கு, இரவு வோல்ட் பார், காலையில் வோல்ட் பார், குறைந்திருந்தால் லீக், போதாதா என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் அளவில் நிற்கும். முழுக்கக் காலியானால் 11.9. ஆக நூறு சதவீதமும் அடங்குவது ஒரு வோல்ட்டுக்குள். 8 மில்லி ஆம்பியர் பத்து மணி நேரத்தில் எடுப்பது 1.6 சதவீதம், அதனால் இறங்குவது சுமார் 0.013 வோல்ட். சார்ஜ் ஆகி வந்த பேட்டரியின் மேலோட்டமான அழுத்தம் தானாகத் தணிவதே இதைவிடப் பெரிது. ஓரிரவு வோல்ட் சோதனையில் இந்த லீக் புலப்படவே புலப்படாது. ஒரு வாரம் இணைத்தும் ஒரு வாரம் கழற்றியும் வைத்து ஒப்பிட்டால் தெரியும், அத்தனை நாள் வண்டி நிற்க வேண்டும். புது பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டதே என்ற வாதமும் நிற்காது. நிறைந்த பேட்டரி லீக்கைச் சில வாரங்கள் மறைக்கும். அந்த வாரங்களில் அது அடிக்கடி பாதிக்குக் கீழே போய் நின்றால், தகடுகளில் படியும் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, சார்ஜ் செய்தாலும் கரையாத நிலைக்கு வந்துவிடும். லீக் புதிய பேட்டரியையும் பழைய பேட்டரியாக்குகிறது. கெட்டிப்பட்டதை மீட்டுத் தருவதாகச் சொல்லும் கருவிகளுக்கும் திரவங்களுக்கும் பணம் செலவழிப்பதைவிட, லீக்கை அடைப்பது மலிவு.

இன்னொரு வித்தையும் பிரபலம். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் பேட்டரியின் பிளாஸ்டிக் மேற்பரப்பைத் தொட்டு, 5 வோல்ட், 6 வோல்ட் என்று காட்டி, அழுக்கு வழியாக லீக் ஆகிறது பாருங்கள் என்பார்கள். அந்த மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் என்றால், 6 வோல்ட் காட்ட அதன் வழியே 0.6 மைக்ரோ ஆம்பியர் போனால் போதும். ஒரு மாதத்துக்கு அது அரை மில்லி ஆம்பியர்-மணிகூட இல்லை. மேற்பரப்பைத் துடைப்பது நல்ல பழக்கம்தான், டெர்மினல் அரிக்காது. ஆனால் பேட்டரி இறங்கியதற்கு இந்த 6 வோல்ட் சான்றாகாது. கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இங்கே உதவாது. விலை குறைந்தவை சில மில்லி ஆம்பியரைத் தங்கள் சொந்தத் தடுமாற்றத்திலிருந்து பிரித்துக் காட்ட மாட்டா.

அப்படியானால் எடுத்த எடுப்பிலேயே மில்லி ஆம்பியர் ரேஞ்சில் வைத்துவிடலாமா? கூடாது. கேபிளை மறுபடி இணைத்த நொடியில் கம்ப்யூட்டர் விழித்து அதிகம் எடுக்கும். பெரிய லீக் இருந்தாலும் ஃபியூஸ் போய்விடும். முதலில் 10 ஆம்பியர் ரேஞ்ச். அங்கே எண் அடங்கும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு மில்லி ஆம்பியருக்கு மாறும்போது இணைப்பு அறுந்தால் கம்ப்யூட்டர் மறுபடி விழித்துக்கொள்ளும். அதற்கு எளிய வழி: கேபிளையும் டெர்மினலையும் ஒரு துண்டு ஒயரால் தற்காலிகமாக இணைத்துவிட்டு, மீட்டரை மாற்றி, பின் அந்த ஒயரை எடுப்பது. இந்நேரத்தில் சாவியைத் திருப்பினால் பம்பும் விளக்கும் சேர்ந்து ஃபியூஸைப் பறித்துவிடும்; செல்ஃப் பட்டனை எந்த ரேஞ்சிலும் அழுத்தவே கூடாது. மலிவு மீட்டர்களின் 10 ஆம்பியர் துளையில் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது, மீட்டரின் முகத்திலேயே அப்படி அச்சிட்டிருப்பார்கள். அந்தத் துளையில் ஒயர் இருக்கும்போது மறதியாக இரு முனைகளையும் பேட்டரியின் பாசிட்டிவிலும் நெகட்டிவிலும் வைத்தால், 0.01 ஓம் கம்பி வழியே நூறு ஆம்பியர் அளவில் பாயக்கூடும். ஒயர் உருகும், கை சுடும்.

எண் கிடைத்துவிட்டால் லீக்கின் இருப்பிடத்தைத் தேடுவது பொறுமையின் வேலை. மீட்டரைப் பார்த்தபடியே வண்டியின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்தக் கிளையில் குற்றவாளி. முதலில் சந்தேகிக்க வேண்டியவை, வாங்கிய பின் மாட்டியவை: சாவிக்குப் பின்னால் இணைக்காமல் நேரே பேட்டரியில் இணைத்த மொபைல் சார்ஜர், போன் செருகாதபோதும் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரியின் உடல்நிலையை ப்ளூடூத்தில் சொல்வதாக விற்கப்படும் கருவியும் அதே பேட்டரியில்தான் வாழ்கிறது. எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் எண் இறங்காவிட்டால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்சாரத்தை ஒரே திசையில் அனுப்பும் ரெக்டிஃபையரின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது அந்தச் சிறு ஃபியூஸ்களின் காவலுக்கு வெளியே இருக்கிறது. அதற்குள் இருக்கும் டயோடுகள் பழுதுபட ஆரம்பித்தால் மின்சாரம் பின்னோக்கிக் கசியும். சிலிக்கானின் இந்தப் பின்கசிவு, சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். காலையில் குளிர்ந்த வண்டியில் இல்லாத லீக், ஓட்டி நிறுத்திய சூட்டில் இருக்கலாம். ஆகவே ரெக்டிஃபையர் மேல் சந்தேகம் இருந்தால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சைலன்சரில் கை படாமல், சூடு ஆறும் முன் இன்னொரு முறை அளக்க வேண்டும்.