பிரஷர் மாத்திரையோடு வலி மாத்திரை

செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்கிவிட்டு வருபவரும், அரியலூரில் சிமெண்ட் மூட்டை சுமப்பவரும் பொழுது சாய்ந்ததும் மெடிக்கலில் கேட்பது ஒன்றைத்தான்: “உடம்பு வலிக்கு ரெண்டு செட்டு குடுங்க.” அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். அந்தத் துண்டில் மருந்தின் பெயர்கூட முழுதாக இருக்காது. பெரும்பாலும் அது டைக்ளோஃபெனாக். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து.

அதே வீட்டில் பிரஷர் மாத்திரையும் இருக்கும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தபிறகு அது வாசலுக்கே வருகிறது. எனலாப்ரில், அம்லோடிபின், அடினோலால் எல்லாம் நல்ல மருந்துகள்; பல உயிர்களைக் காப்பவை. சிக்கல், வலி மாத்திரை உடன் சேரும்போதுதான்.

சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் ஒரு நுண்குழாய் வழியே நுழைந்து இன்னொன்று வழியே வெளியேறுகிறது. டைக்ளோஃபெனாக் உள்வாயைச் சுருக்கும். எனலாப்ரிலும், லோசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையும் வெளிவாயைத் தளர்த்தும். கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையும் சேர்ந்தால் உடம்பில் நீரே குறைந்துபோகும். மடையை அடைத்து, வடிகாலைத் திறந்துவிட்ட வயலில் தண்ணீர் எப்படி நிற்கும்? வடிகட்டத் தேவையான அழுத்தம் விழுந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் வியர்த்து உழைப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டும் நிலை வரும்.

வேறு கூட்டணிகளும் உண்டு. அடினோலாலோடு வெராபமில் என்ற பிரஷர் மாத்திரை சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தாகக் குறையலாம். எனலாப்ரிலோடு ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உபயோகிப்பவர், ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனாஃபில் பக்கமே போகக் கூடாது. பிரஷர் சரிந்து உயிரே போகலாம். வெட்கப்பட்டு மருத்துவரிடம் மறைக்கிற விஷயமல்ல இது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அடினோலாலைத் திடீரென நிறுத்தினால் மாரடைப்புகூட வரலாம். ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருச்சி தனியார் மருத்துவமனை என்று மூன்று இடத்துச் சீட்டு வைத்திருப்பவர்கள், எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். கத்தரித்த வலி மாத்திரைத் துண்டும் அந்தப் பையில் இருக்கட்டும். சிறுநீர் குறைந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள். வலிக்கு முதலில் பாரசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். பலருக்கு அதுவே போதும்.