உதடும் நாணலும்

விருதுநகர்ச் சீமையின் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். உள்ளூர்க்காரர்களோ அந்த வெயிலால் பிழைத்தவர்கள். 1922-ஆம் வருஷத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த அந்தப் பூமியில் குச்சியும் மருந்தும் சீக்கிரம் உலர்ந்தது தொழிலுக்குப் பெருந்துணையாயிற்று. பின்னர் பட்டாசும் வந்து சேர்ந்தது. ஆனால் தீக்குச்சிக்கு நன்மை செய்யும் அதே வறண்ட காற்று, வேறொரு சிறு துண்டுக்குப் பரம விரோதி. ஸாக்ஸபோன் வாத்தியத்தின் வாயில் கட்டப்படும் நாணல் பட்டையைத்தான் சொல்கிறேன். வித்வான்கள் அதை 'ரீட்' என்பார்கள்.

இளமையில் ஸாக்ஸபோன் பயின்ற ஒருவர், உத்தியோகம், குடும்பம் என்று பத்து வருஷம் அதை மறந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நல்ல நாளில் பெட்டியைத் திறக்கிறார். விரல்கள் பழைய வர்ணத்தை மறக்கவில்லை. மனசில் ராகம் அப்படியே இருக்கிறது. முதல் ஐந்து நிமிஷம் ஆனந்தம். பத்தாவது நிமிஷத்தில் உதடு நடுங்குகிறது. கடைவாயில் காற்று கசிகிறது. கல்யாணி பாட வேண்டிய வாத்தியம் 'கீச்' என்று கத்துகிறது. அடுத்த அறையில் குழந்தைகள் சிரிக்கிறார்கள். "வித்தை போய்விட்டது" என்று மனிதர் பெட்டியை மூடிவிடுகிறார். அநேகம் பேர் அந்தப் பெட்டியை அப்புறம் திறப்பதேயில்லை. இது வீண் நஷ்டம். ஏனெனில் போனது வித்தையல்ல. இளைத்தது உதடு மட்டுமே.

வாயைச் சுற்றி வட்டமாக ஒரு தசை இருக்கிறது. ஸாக்ஸபோன் வாசிப்பவர் மேற்பல்லை வாய்முனையின் மீது ஊன்றி, கீழுதட்டைக் கீழ்ப்பல்லின் மேல் சிறிது மடித்து, அந்த மெத்தையில் ரீடைத் தாங்குகிறார். சுற்றிலும் காற்றுக் கசியாமல் காப்பது அந்தத் தசைதான். தினசரிப் பழக்கம் நின்றால் பயில்வானின் தோள் இளைப்பது போல அதுவும் இளைக்கிறது. சோர்ந்த உதட்டுக்கு உதவியாகப் பல்லால் கடிக்கத் தொடங்குகிறோம். உடனே சுருதி ஏறுகிறது, நாதம் மெலிகிறது, கீழுதட்டில் புண்ணும் உண்டாகிறது.

இதற்குப் பரிகாரம் பொறுமை ஒன்றே. முதல் வாரத்தில் ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம் போதும். கீழ், மத்திய ஸ்தாயிகளில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீளமாக, நிதானமாக ஊத வேண்டும். காற்று கசிந்தவுடன் நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாதாடுவதைவிட, காலையும் மாலையும் சிறிது சிறிதாக ஊதுவது மேல். சில வாரங்களில் பலம் திரும்பிவிடும்.

உதட்டின் மேல் சுமத்தும் குற்றத்தில் பாதி, உண்மையில் நாணலின் குற்றம். ரீடுகளுக்கு அவற்றின் விறைப்பைக் காட்டும் எண்கள் உண்டு. முன்னாளில் 3-ஆம் எண் வாசித்தவர் அதே எண்ணைப் பிடிவாதமாகக் கட்டுவது தவறு. 2 அல்லது 2½ கொண்டு தொடங்குவதில் மானக்கேடு எதுவுமில்லை. பத்து வருஷம் பெட்டியில் கிடந்த ரீடை எறிந்துவிடுவதே சுகாதாரம். புதியதையும் சிறிது நேரம் நனைத்த பிறகே கட்ட வேண்டும். நமது வெயிலில் நனைந்த ரீட் வெகு சீக்கிரம் உலர்ந்து, நுனி அலை அலையாக நெளிந்துவிடும். வாசித்து முடித்ததும் அதைக் கழற்றித் துடைத்து, தட்டையான உறையில் மூடிவைக்க வேண்டும். வாத்தியத்தையும் ஒரு முறை பழுது பார்ப்பவரிடம் காட்டுவது நல்லது. துவாரங்களை மூடும் தோல் மெத்தைகள் காய்ந்து கசிந்தால், எந்த உதடும் தோற்றுத்தான் போகும்.

இந்தச் சங்கதியெல்லாம் நமக்குப் புதிதல்ல. பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைக் கேட்ட சீமை இது. நாதஸ்வர வித்வான் ஒரு சீவாளியை நம்பி மேடை ஏறுவதில்லை. வாத்தியத்தில் நூல் கட்டி ஒரு கொத்துச் சீவாளிகள் தொங்கும். பக்கத்தில் அவற்றைச் சரிசெய்யக் குச்சியும் தொங்கும். ஒன்று மக்கர் செய்தால் மற்றொன்று. ஸாக்ஸபோன்காரரும் நாலு ரீடுகளைப் பழக்கி, மாற்றி மாற்றி வாசித்தால் பாதிக் கவலை தீரும்.

ஸாக்ஸபோன் அந்நிய வாத்தியமாயிற்றே என்பவர்கள் வயலினை நினைத்துப் பார்க்கட்டும். பெல்ஜியத்துக்காரரான அடால்ப் ஸாக்ஸ் 1846-இல் பாரிஸில் உரிமை பெற்ற இந்த வாத்தியத்தை, கர்நாடக சங்கீதத்துக்கு வசப்படுத்தியவர் கத்ரி கோபால்நாத். அவருடைய தகப்பனாரும் நாதஸ்வர வித்வானே. மைசூர் அரண்மனைப் பாண்டில் ஸாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய அவர், 1994-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் வாசித்தார்; 2019-இல் காலமானார். ராணுவப் பாண்டுகளில் முழங்கிய பித்தளைக் குழாயில் கமகத்தை வளைத்துக் காட்டியது பல வருஷத்துச் சாதகத்தின் பலன்.

2020-இல் கொள்ளைநோய் வந்து கோயில்கள் அடைபட்டபோது, திருவிழாவையும் முகூர்த்தத்தையும் நம்பி வாழ்ந்த கலைஞர்களுக்கு வேலையும் வருமானமும் நின்றுபோயின. மாதக் கணக்கில் சும்மா இருந்துவிட்டு மேளத்தோடு மறுபடி நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அப்போது அவர்கள் உதடு அறிந்தது. நமக்குப் பொழுதுபோக்கான விஷயம், அவர்களுக்கு அடுப்பெரியும் விஷயம். முதல் முகூர்த்தத்தில் நாதம் சற்றுத் தளர்ந்தால், "கை தேய்ந்துவிட்டது" என்று முகம் சுளிக்காமல் இருப்பது கேட்பவர் கடமை.

வீட்டிலே பழைய பெட்டியைத் திறப்பவருக்கும் அதே தயவைக் காட்டுங்கள். பத்து நிமிஷக் 'கீச்'சைப் பொறுத்துக்கொண்டால், சில வாரங்களுக்குப் பிறகு கல்யாணி தானே வந்து சேரும்.